கொக்கா, வேட்டியா

தாமிரபரணியில் வெள்ளையாக ஏதாவது தெரிந்தால் உடனே கொக்கு என்று முடிவு கட்டிவிடக் கூடாது. பாதி நேரம் அது வேட்டியாக இருக்கும்.

இதை நான் அசடு வழிந்துதான் கற்றுக்கொண்டேன். கயாக் ஓட்டத் தொடங்கிய புதிது. நாணல் ஓரமாகப் பெரிய கொக்கு ஒன்று அசையாமல் நிற்பதைத் தூரத்திலிருந்து பார்த்துவிட்டு, துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு, மூச்சைக்கூடப் பலமாக விடாமல் உட்கார்ந்திருந்தேன். என்ன பொறுமை, மீனுக்காக எப்படிக் காத்து நிற்கிறது என்று மனதுக்குள் பாராட்டிக்கொண்டே இருந்தேன். தண்ணீர் என்னை மெல்ல அதன் பக்கத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தது. நாணல் தட்டைகளில் மாட்டிக்கொண்டு நின்றது ஒரு நாலு முழ வேட்டி.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். கட்டிலில் படுத்திருந்தவர் சிரித்தார், சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்கியதும் மறுபடி சிரித்தார். அன்றிலிருந்து ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் நான் ஈரத் துணியோடு வாசலில் நுழையும்போதே உள்ளேயிருந்து குரல் வரும்.

"என்னட்டி, இன்னைக்குக் கொக்கா, வேட்டியா?"

அம்மாவுக்கு இந்த விளையாட்டுப் பேச்சு பிடிக்காது. ஆற்றில் விடுகிற துணி சிரிப்பதற்கில்லை என்பாள்.

வெளியூர்க்காரர்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். கஷ்டம் தீர, தோஷம் கழிய, செத்தவர்களைக் கரையேற்ற என்று எங்கள் படித்துறைகளுக்கு வருகிறவர்கள் முங்கி எழுந்து, உடுத்தியிருந்த துணியை ஆற்றிலேயே விட்டுவிட்டுப் போவார்கள். இறந்தவரின் துணியைக் கொண்டுவந்து விடுகிறவர்களும் உண்டு. துணியோடு எல்லாம் போய்விடும் என்பது நம்பிக்கை. விட்ட பிறகு திரும்பிப் பார்க்காமல் படியேற வேண்டும். எங்கே போகிறது என்று யாரும் பார்ப்பதில்லை, பார்க்கவும் கூடாது. ஆனால் நான் பார்த்திருக்கிறேன். எங்கள் படித்துறைக்குக் கீழே, அணைக்கட்டுக்கு மேலே, தண்ணீர் தேங்கி நிற்கிற இடத்தில் நாணலிலும் மருத மரத்து வேரிலும் போய்த் தங்குகிறது.

நான் ஓட்டுவதும் அந்த இடத்தில்தான். கயாக் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். கல்ஃபில் இருக்கிற என் தம்பியின் பிள்ளைகள் விளையாடிச் சலித்த, காற்றடிக்கிற ஆரஞ்சு நிறச் சாமான் அது. அவன் ஊருக்கு வந்தபோது கொண்டுவந்து என் தலையில் கட்டிவிட்டுப் போனான். காற்றடித்தால் படகு, இறக்கினால் பை. ஸ்கூட்டரில் கால் வைக்கிற இடத்தில் மடக்கி வைத்துவிடலாம். தெருவில் அதற்குப் பலூன் என்று பெயர். ஐம்பதை ஒட்டிய, கல்யாணமாகாத ஒரு பொம்பளை ஞாயிற்றுக்கிழமை காலையில் பலூனைத் தூக்கிக்கொண்டு ஆற்றுக்குப் போவது தெருவுக்கு நல்ல பொழுதுபோக்குத்தான். கரையில் மாடு குளிப்பாட்டுகிறவர் ஒருவர் பலநாள் பார்த்துப் பொறுக்க முடியாமல் ஒருநாள் கேட்டேவிட்டார். "மீனும் பிடிக்கல, மணலும் அள்ளல. பொறவு எதுக்குக்கா இப்படி ஆத்துல கெடந்து அல்லாடுதிய?"

பறவை பார்க்கிறேன் என்றேன். அதைக் கரையிலிருந்து பார்த்தால் ஆகாதா என்றார். நியாயமான கேள்விதான்.

உண்மையில், எனக்கு ஒரு மணி நேரம் யாரும் கூப்பிடாத இடம் வேண்டியிருந்தது. வாரத்தில் ஆறு நாள் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. விடிந்ததிலிருந்து, வெறும் வயிற்றோடு வந்து எரிச்சலோடு உட்கார்ந்திருக்கிறவர்களின் முழங்கையில் நரம்பு தேட வேண்டும். வீட்டுக்கு வந்தால் அப்பா. விக்கிரமசிங்கபுரத்து நூல் மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பீடியின் உபயத்தால் நெஞ்சு கெட்டு, கடைசி வருடங்களில் கட்டிலோடு ஆகிவிட்டார். புரட்டிப் படுக்க வைக்க, துடைக்க, தூக்கி உட்கார வைக்க அம்மாவும் நானும்தான். களைப்பு என்றால் ஒருநாள் தூங்கி எழுந்தால் போய்விடும் என்று சின்ன வயதில் நினைத்திருந்தேன். அப்படியில்லை. அது எலும்பில் போய் உட்கார்ந்துகொள்ளும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் அம்மா, "நான் பாத்துக்கிடுதேன், நீ போ" என்று என்னை வெளியே தள்ளிவிடுவாள். பலூனைப் பிடிக்காதவள், ஆனாலும் தள்ளிவிடுவாள்.

ஆற்றின் நடுவே போய்த் துடுப்பை மடியில் வைத்துவிட்டால் போதும். கரையிலிருந்து பார்த்தால் பறந்துவிடுகிற பறவைகள் தண்ணீரிலிருந்து போனால் அவ்வளவு மிரளுவதில்லை. கருப்பு வெள்ளை மீன்கொத்தி தலைக்கு மேலே ஒரே இடத்தில் சிறகடித்து நின்று, கல்லை விட்டெறிந்தாற்போல் தண்ணீரில் விழும். தாழைக்கோழிகள் கோரைக்குள் சச்சரவு பண்ணிக்கொண்டிருக்கும். ஒருமுறை நீர்நாய்க் குடும்பமொன்று படகுக்கு முன்னால் குறுக்கே போனது. அதில் பெரியது தண்ணீரிலிருந்து தலையையும் கழுத்தையும் நீட்டி என்னைப் பார்த்து மூக்கால் சீறிவிட்டுத்தான் போனது. அப்பாவிடம் அதைச் சொன்னபோது, மில்லில் ஒரு மேஸ்திரி அப்படித்தான் பார்ப்பான் என்றார்.

எனக்குப் பிடித்தது பாம்புத்தாரா. உடம்பு முழுக்கத் தண்ணீருக்குள் இருக்க, கழுத்து மட்டும் வெளியே தெரியும். புதிதாகப் பார்க்கிறவர்கள் பாம்பு என்று அலறிவிடுவார்கள். மீன் பிடித்து முடித்ததும் ஏதாவது மரத்தில் ஏறி, இறக்கை இரண்டையும் விரித்து வெயிலில் காயப்போட்டுக்கொண்டு உட்காரும். வேலை முடிந்த ஒருத்தன் உட்கார்வதுபோல இருக்கும், அதைப் பார்த்தால் எனக்குப் பொறாமையாக வரும்.

ஒரு மார்கழியில் அதில் ஒன்று செத்துக் கிடந்ததைப் பார்த்தேன். மருத மரத்து வேரில் மாட்டியிருந்த ஒரு பச்சைச் சேலைக்குள், மீனைத் துரத்திப் போன வேகத்தில் கழுத்தை விட்டிருக்கிறது. இழுக்க இழுக்க சேலை சுற்றியிருக்கிறது. பாம்புபோல் வளைகிற அந்தக் கழுத்துக்குச் சேலை மடிப்பிலிருந்து வெளியே வரத் தெரியவில்லை. யாருடைய கஷ்டம் தீர விட்ட சேலையோ. என்னிடம் அன்று கத்திகூட இல்லை. கையாலேயே பிய்த்து எடுத்தேன், பாதி கிழிந்தது, பாதி கிழியவில்லை. அங்கேயே உட்கார்ந்து அழுதேன். பறவைக்காக மட்டும் அழுதேன் என்று சொல்ல முடியாது.

அடுத்த வாரத்திலிருந்து வேலை செய்கிற இடத்துக் கத்தரிக்கோல் ஒன்றைக் கொண்டுபோகத் தொடங்கினேன். கட்டுப் பிரிக்கிற, முனை மழுங்கிய கத்தரிக்கோல். காற்றடித்த படகில் கூரான எதையும் வைத்துக்கொள்ள முடியாதல்லவா. கூடவே ஒரு அரிசிச் சாக்கு. கண்ணில் பட்ட துணிகளை அறுத்துச் சாக்கில் போட்டுக் கரையேற்றி, மறுநாள் குப்பை வண்டியில் சேர்த்துவிடுவேன். வண்டிக்காரர் முகம் சுளிப்பார். பாவத் துணியைத் தொட்டால் ஒட்டிக்கொள்ளும் என்பார். அப்படியென்றால் எனக்கு எவ்வளவு ஒட்டியிருக்கும் என்று நினைத்துக்கொள்வேன். இதனால் ஆறு சுத்தமாகிவிட்டதா என்றால் இல்லை. ஒரு அமாவாசை வந்தால் எல்லாம் பழையபடி ஆகிவிடும். வீட்டைக் கூட்டுகிற மாதிரிதான், கூட்டாமல் இருக்கவும் முடியவில்லை.

அப்பா இதிலும் ஒரு சுவாரசியத்தைக் கண்டுபிடித்துவிட்டார். வேட்டிதான் என்று நான் சொன்னால், எத்தனாம் நம்பர் நூல் என்று கேட்பார். நம்பர் கூடினால் நூல் நயம். ஊறிக் கிழிந்த வேட்டியில் நம்பரை எப்படிப் பார்ப்பது என்று நான் எரிந்து விழுவேன். விரலால் தேய்த்துப் பார்த்தால் தெரியாதா என்று அவர் அலுத்துக்கொள்வார்.

சித்திரை வெயிலில் அப்பா போய்விட்டார். தம்பி வந்து பதினாறாம் நாள் வரை இருந்துவிட்டுத் திரும்பினான். அதற்குப் பிறகு வீட்டில் இருந்த அமைதி எனக்குப் பழக்கமில்லாததாக இருந்தது. தூக்கம் வரும் என்று நினைத்தேன், வரவில்லை. அம்மாவுக்குச் சுத்தமாக வரவில்லை. காலையில் நான் எழுந்து வந்தால் காலியான கட்டிலுக்குப் பக்கத்தில் அதே நாற்காலியில் உட்கார்ந்திருப்பாள். சாப்பிட உட்காரவும் மாட்டாள். அடுப்படியில் நின்றபடியே ஒரு வாய் கஞ்சி குடிப்பாள், அவ்வளவுதான். நான் மட்டும் எதிரில் ஆளில்லாமல் உட்கார்ந்து சாப்பிடுவேன். உடம்பு கரைந்துகொண்டே போனது. அவளுடைய ரத்தத்தை நானே எடுத்துச் சோதித்தேன். சோகையும் இன்னும் சிலவும் இருந்தன. மாத்திரை கொடுத்தால் வாங்கிக் கண்ணாடி அலமாரியில் வைத்துவிடுவாள். அப்பா போன வழியிலேயே இவளும் கிளம்பிவிடுவாளோ என்று எனக்குப் பயமாக இருந்தது.

ஒருநாள் அவளாகவே சொன்னாள். "ஒங்கப்பா இன்னும் போவல. இங்கனதான் கெடந்து இருமுதாரு. எனக்குக் கேக்கு."

அலமாரியிலிருந்து மாத்திரையை எடுத்து அவள் கையில் வைத்தேன்.

"அந்த வேட்டி பீரோவுக்குள்ள இருக்குல்லா. அது இருக்க மட்டும் அவரு எப்படிப் போவாரு? ஆடி அமாவாசைக்கு ஆத்துல விட்டுருவோம்."

எந்த வேட்டி என்று கேட்கத் தேவையில்லை. கடைசியாக உடுத்தியிருந்தது. கட்டில் கம்பியில் மாட்டிக் கிழிந்ததை அம்மா நீல நூலால் தைத்திருந்தாள். அவசரத்துக்கு வெள்ளை நூல் அகப்படவில்லை. ஆயுசுக்கும் நூல் மில்லில் கிடந்தவன் வீட்டில் வெள்ளை நூலுக்குப் பஞ்சம் என்று அப்பா அதைச் சொல்லிச் சொல்லியே அவளைக் கேலி செய்தார்.

வேண்டாம் என்றேன். யாருக்காவது கொடுத்துவிடலாம் என்றேன். செத்தவர் வேட்டியை யார் வாங்குவார்கள் என்றாள். பீரோவிலேயே இருக்கட்டும் என்றேன். எரித்துவிடலாம் என்றுகூடச் சொன்னேன், அதற்கு அவள் பார்த்த பார்வையை இப்போது நினைத்தாலும் கூசுகிறது. ஆடி பிறக்கும் வரை நாங்கள் இதையே பேசினோம், அல்லது பேசாமல் இருந்தோம். பாம்புத்தாரா செத்த கதையை மறுபடி சொன்னேன். அவள் பொறுமையாகக் கேட்டாள்.

"பாவந்தான்" என்றாள். "ஆனா நீ அந்தப் பறவையப் பாக்கியா, ஒங்கப்பாவப் பாக்கியா?"

தம்பியிடம் ஃபோனில் சொன்னேன். அம்மா சொல்கிறபடி செய்துவிட வேண்டியதுதானே, ஒரு வேட்டியால் ஆறு நாறிவிடுமா என்றான். தர்ப்பணத்தை அவன் அங்கேயே கடலோரத்தில் முடித்துக்கொள்வானாம். தூரத்தில் இருக்கிறவர்களுக்கு எல்லாமே சுலபம். அவன் சொன்னது தப்பும் இல்லை. ஒரு வேட்டி, ஒரே ஒரு வேட்டி என்றுதான் ஒவ்வொருவரும் விடுகிறார்கள்.

கடைசியில் சரி என்றேன். மனம் மாறிச் சொல்லவில்லை. அம்மாவின் கண்ணுக்குக் கீழே கறுத்துப்போயிருந்ததைப் பார்த்துச் சொன்னேன். எனக்கும் சண்டை போடத் தெம்பில்லை.

அமாவாசையன்று படித்துறையில் கால் வைக்க இடமில்லை. எள்ளும் தர்ப்பையும் வாழை இலையும் மிதந்தன. கார் பருவ நெல்லுக்குத் தண்ணீர் திறந்திருந்ததால் ஆறு இழுத்துக்கொண்டு ஓடியது. அம்மாவின் கையைப் பிடித்து, பாசி வழுக்காத படியாகப் பார்த்து முழங்கால் தண்ணீர் வரை இறக்கினேன். எங்களுக்கு இரண்டு பக்கமும் ஆட்கள் துணிகளை விட்டுக்கொண்டிருந்தார்கள். எத்தனை சாக்கு ஆகும் என்று என் மனம் தன்னால் கணக்குப் போட்டது. அந்த நேரத்திலும் அப்படி யோசித்தேனே என்று என்மேலேயே எரிச்சலாக வந்தது.

அம்மா வேட்டியைப் பிரித்தாள். நீல நூல் தையலை ஒருமுறை தடவினாள். தண்ணீரில் வைத்துக் கையை எடுத்தாள். வேட்டிக்குள் காற்றுப் புகுந்து உப்பி, கொஞ்ச தூரம் வெள்ளையாகப் போனது.

"திரும்பிப் பாக்காம வா" என்றாள்.

நான் திரும்பிப் பார்க்கவில்லை. ஆற்றுக்குப் போகத் தொடங்கிய காலத்திலிருந்து, அதற்கு முதுகைக் காட்டி, எதையும் பார்க்காமல் நான் படியேறியது அன்றுதான்.

அம்மா அன்று மத்தியானம் படுத்தவள் விளக்கு வைக்கிற நேரம் வரை தூங்கினாள். மூச்சு வருகிறதா என்று இரண்டு தடவை போய்ப் பார்த்தேன். அடுத்த நாளும் தூங்கினாள். இருமல் கேட்கவில்லை என்று அவளாகவே சொன்னாள். மாத்திரையைக் கேட்டு வாங்கிப் போட்டாள். நான் நம்பாத ஒன்று அவளைக் குணப்படுத்தியதில் எனக்கு மருந்து வேலை செய்த சந்தோஷமும் இருந்தது, தோற்றுப்போன கசப்பும் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பலூனை எடுத்தேன். ஆடி அமாவாசைக்கு அடுத்து வருகிற ஞாயிறுதான் வருடத்திலேயே மோசமானது. படித்துறைப் பக்கம் இழுப்பு அதிகம் என்பதால் கீழே அணைக்கட்டுத் தேக்கத்தில் இறக்கினேன். வேட்டியைத் தேடிப் போகவில்லை. அது இதற்குள் மணலில் புதைந்திருக்கும், அல்லது அணைக்கட்டைத் தாண்டியிருக்கும் என்று நினைத்திருந்தேன். சேலைகள், பாவாடை, சின்னப் பிள்ளையின் சட்டை ஒன்று. அறுத்து அறுத்துச் சாக்கில் போட்டேன். தோள் வலித்தது. நீர்க்காகங்கள் பாறையில் வரிசையாக உட்கார்ந்து வேடிக்கை பார்த்தன.

பிறகு நாணல் ஓரத்தில் வெள்ளையாகத் தெரிந்தது. பெரிய கொக்கு, கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டு நிற்கிறது. இத்தனை வருடம் கழித்தும் மறுபடி அப்படித்தான் நினைத்தேன். துடுப்பைத் தூக்கி வைத்துவிட்டுக் காத்திருந்தேன். மேலே மருதக் கிளையில் பாம்புத்தாரா ஒன்று இறக்கையைக் காயப்போட்டிருந்தது. படகு நெருங்கியதும் அது நழுவித் தண்ணீருக்குள் விழுந்து முங்கிவிட்டது. வெள்ளை மட்டும் அசையவில்லை.

கிட்டப் போய் முந்தியைக் கையில் பிடித்தேன். நீல நூல் இருந்தது.

கொஞ்ச நேரம் பிடித்தபடியே இருந்தேன். தண்ணீர் அந்தப் பக்கம் இழுத்தது, நான் இந்தப் பக்கம். விட்டுவிடலாம். அம்மா விட்டது, அவளைப் பொறுத்தவரை அது போய்ச் சேர்ந்துவிட்டது, நான் யார் அதைத் திருப்பி எடுக்க? ஆனால் பாம்புத்தாரா இதே இடத்தில்தான் எங்கேயோ அடியில் போய்க்கொண்டிருந்தது. அதன் கழுத்து எங்கே வெளியே வரும் என்று தேடினேன், தெரியவில்லை. அப்பாவின் வேட்டியில் மாட்டி ஒரு உயிர் போனால் அந்த மனுசனுக்கு எப்படி இருக்கும் என்று நினைத்தேன். நாணல் தட்டையை மட்டும் அறுத்து வேட்டியைப் படகுக்குள் இழுத்தேன். அந்தப் பக்கம் கழுத்து எழும்பி, என்னைப் பார்த்துவிட்டு மறுபடி முங்கியது.

சாக்கில் போடக் கை வரவில்லை. கரைக்கு வந்து, சேறு போக அலசினேன். அதைப் பிழிய எப்போதும் இரண்டு பேர் வேண்டும், ஒரு முனையில் அம்மா, ஒரு முனையில் நான். இப்போது ஒரு முனையைப் படகின் வாரில் கட்டி முறுக்கினேன். பாறையில் விரித்துப் போட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன். விரலால் தேய்த்துப் பார்த்தேன். எத்தனாம் நம்பர் என்று எனக்குத் தெரியவில்லை. அப்பா இல்லை என்பது அப்போதுதான் எனக்கு முழுசாக உறைத்தது. பாறையிலேயே உட்கார்ந்து சத்தம் போட்டு அழுதேன், மாடு குளிப்பாட்டுகிறவர் அன்று ஏனோ ஒன்றும் கேட்காமல் மாட்டை ஓட்டிக்கொண்டு போய்விட்டார்.

முக்கால்வாசி காய்ந்த வேட்டியை மடித்து, காற்று இறக்கிய படகின் அடியில் வைத்துப் பையை மூடினேன். அந்தப் பையை அம்மா தொடமாட்டாள். சாக்கைக் குப்பை வண்டி வருகிற முனையில் இறக்கிவிட்டு வீட்டுக்குப் போனேன். வாசலில் நுழையும்போதே தேங்காய்ப்பால் மணம் வந்தது. அம்மா சொதி வைத்திருந்தாள். அப்பாவுக்குப் பிடித்தது. அவர் போனதிலிருந்து எங்கள் வீட்டில் சொதி வைக்கவில்லை.

தட்டைப் போட்டு உட்கார்ந்தேன். சோறு வைத்துச் சொதியை ஊற்றியவள் அடுப்படிக்குத் திரும்பிப் போகாமல் அங்கேயே நின்றாள்.

"ஏட்டி" என்றாள். "இன்னைக்குக் கொக்கா, வேட்டியா?"

அவள் அதை ஒருநாளும் கேட்டதில்லை. ஸ்கூட்டர் வாசலில் நின்றது, பையின் அடியில் ஈரம் கசிந்திருப்பது நான் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்தே தெரிந்தது.

"கொக்குதாம்மா."

"கிட்டப் போயிப் பாத்தியா?"

"பாத்தேன்."

"பறந்துட்டா?"

"பறந்துட்டும்மா" என்றேன்.

அம்மா சரி என்று தலையாட்டினாள். பிறகு தனக்கும் ஒரு தட்டை எடுத்துவந்து, என் எதிரே உட்கார்ந்து, சோற்றைப் போட்டுக்கொண்டாள்.